33 நிமிடமும் ஆறேகால் மணி ரயிலும்

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு டிவி தொடரைப் பார்க்க உட்கார்ந்து, ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் இழந்து, அக்கா மகளின் காதுகுத்தையும் கோட்டைவிட்டேன் என்று சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? 2013-இல் நடந்தது. அப்போது இதையெல்லாம் எச்சரித்துச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. என்னைச் சுற்றி அந்தத் தொடரைப் பார்த்தவர்களே கிடையாது. புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் எபிசோடின் கதையையும் அதற்கு முந்திய மினி சீரீஸின் கதையில் ஒரு பகுதியையும் இங்கே சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு வரும் பெரிய ரகசியங்கள் எதையும் தொடமாட்டேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

தொடரின் பெயர் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. 1978-இல் இதே பெயரில் வந்ததை ரொனால்ட் டி. மூர் மறுபடி எடுத்தது. மனிதர்கள் உருவாக்கிய சைலான் என்ற இயந்திரங்கள் ஒரே நாளில் மனித இனத்தை ஏறக்குறைய துடைத்துவிடுகின்றன. தப்பித்த ஐம்பதாயிரம் சொச்சம் பேர் கலாக்டிகா என்ற ஒரு பழைய போர்க்கப்பலின் துணையோடு விண்வெளியில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். இதன் முதல் எபிசோடுக்குப் பெயரே ‘33’தான். 2005-இல் அறிவியல் புனைகதைகளுக்குக் கொடுக்கும் ஹியூகோ விருது வாங்கியது. விருதுப் பட்டியலைப் பார்த்துப் படம் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்த்ததிலிருந்து அரிப்பு. வெறும் எண்ணில் ஒரு கதைக்குத் தலைப்பா?

அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியிருந்த ஒருவர், வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி டிவிடிகளை விற்றுக்கொண்டிருந்தார். முதல் சீசன் பெட்டி 2,200 ரூபாய். அந்தக் காலத்தில் என் அறை வாடகையில் பாதி. பெட்டியைக் கையில் கொடுக்கும்போதே, “ஃபர்ஸ்ட் டிஸ்க் மட்டும் கீறல் விழுந்து ஓடாது தம்பி. பரவாயில்ல, அது ஏதோ ஒரு படம்தான். சீரியல் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது” என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘ஏதோ ஒரு படம்’தான் மொத்தக் கதையின் ஆரம்பம். 2003 டிசம்பரில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பான மூன்று மணி நேர மினி சீரீஸ் அது. அதைப் பார்க்காமல் ‘33’க்குள் நுழைவது, இடைவேளைக்குப் பிறகு தியேட்டருக்குள் போய் உட்காருவது போலத்தான். இன்றைக்கும் பல இடங்களில் அது தொடரோடு சேராமல் தனியாகக் கிடக்கிறது. ‘சீசன் 1, எபிசோட் 1’ என்று எழுதியிருப்பதை நம்பி நேராக அழுத்திவிடாதீர்கள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் காலை குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மாமாவின் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஆறேகால் மணி ரயிலைப் பிடித்தால் எட்டு மணி வாக்கில் காட்பாடி, அங்கிருந்து பஸ். நான் தாய்மாமன். குழந்தை என் மடியில்தான் உட்காரவேண்டும். ஒன்றரை கிராமில் சிவப்புக்கல் வைத்த தோடு வாங்கி, சின்னச் சிவப்பு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். ‘ஒரு எபிசோட், முக்கால் மணி நேரம். பதினோரு மணிக்குப் படுத்தால் நாலரைக்கு எழுந்துவிடலாம்’ என்பதுதான் திட்டம்.

திட்டத்தின் முதல் ஓட்டை டிவிடி பிளேயர். டிஸ்க்கைப் போட்டதும் திரையில் ‘தவறான ரீஜன்’ என்று வந்து நின்றது. டிவிடிகளை உலகத்தின் பகுதி வாரியாகப் பூட்டி விற்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அமெரிக்கா 1, இந்தியா 5. அட்டையின் பின்பக்கம் ஒரு குட்டிப் பூமி உருண்டை போட்டு அதற்குள் அந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள். வாங்கும்போது திருப்பிப் பார்த்திருந்தால் போதும். சந்தையில் கிடைக்கும் மலிவான பிளேயர்கள் பல எல்லா ரீஜனையும் ஓட்டும். நான் பேருக்கு ஆசைப்பட்டுப் பெரிய கம்பெனி பிளேயர் வாங்கியிருந்தேன், அது ஓட்டாது. கடைசியில் லேப்டாப்பில் போட்டேன். அதுவும் ரீஜனை மாற்றவா என்று கேட்டது, கூடவே ஐந்து முறைதான் மாற்றலாம், அப்புறம் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்று மிரட்டியது. பயந்துகொண்டே மாற்றினேன். மணி அப்போதே பதினொன்றேகால். படுத்திருக்கவேண்டிய நேரம். ஆனால் 2,200 ரூபாய் கொடுத்திருக்கிறேனே, ஓடுகிறதா என்றாவது பார்க்கவேண்டாமா?

ஓடியது. முதல் காட்சியிலேயே என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு கடிகாரம். சிவந்த கண்கள். நாலு நாள் தாடி. யாரும் யாரிடமும் முழு வாக்கியம் பேசுவதில்லை. கேமரா கல்யாண வீட்டு வீடியோக்காரர் தோளில் இருப்பதுபோல ஆடிக்கொண்டே ஒவ்வொரு முகமாகத் தேடிப் போகிறது. ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் ஒரு தடவை சைலான்கள் வந்து விழுகிறார்கள். உடனே கப்பல்கள் அத்தனையும் வேறொரு இடத்துக்குத் தாவவேண்டும். தாவி, மூச்சு வாங்கி, சாப்பிட உட்கார்வதற்குள் அடுத்த 33 முடிந்துவிடும். இப்படியே 130 மணி நேரமாக யாரும் தூங்கவில்லை. நான் நிறுத்தி மொபைலில் வகுத்துப் பார்த்தேன், இருநூற்று முப்பத்தாறு தடவை வருகிறது. இத்தனை தடவை அலாரம் அடித்து எழுந்திருப்பவனுடைய முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் எல்லார் முகமும் இருந்தது. ஏன் 33 என்று கடைசிவரை யாருமே சொல்வதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. தூக்கமில்லாதவனுக்குக் காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அப்புறம் தலைப்புப் பாட்டு வந்தது. நான் முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் காது வைத்தேன். கீழ் வீட்டில் நடுராத்திரியில் எதற்குக் காயத்ரி மந்திரம் சொல்கிறார்கள் என்று புரியவில்லை. பிறகு பின்னால் ஓட்டிப் பார்த்தால், சத்தியமாக, அது லேப்டாப்பிலிருந்துதான் வருகிறது. ரிச்சர்ட் கிப்ஸ் என்பவர் போட்ட இசை. கனடாவின் வான்கூவரில் எடுத்த அமெரிக்க விண்கப்பல் கதைக்கு ‘ஓம் பூர் புவஸ்ஸுவஹ’ என்று ஒரு பெண் குரல். மூன்று தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தோளை உலுக்கியிருப்பேன். ஒன்றை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அந்த மந்திரம் முடிந்து தாளம் தடதடவென்று அடிக்கும்போது, அடுத்து நாம் பார்க்கப்போகும் எபிசோடின் துண்டுக் காட்சிகளையே மின்னல் வேகத்தில் காட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் இப்படித்தான். பார்த்துவிட்டால் அப்புறம் ‘அந்தக் காட்சி எங்கே வரும்’ என்றே மூளை காத்துக்கொண்டிருக்கும். முரசு அடித்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் மூடுகிறேன்.

இதற்குப் பிறகுதான் முதல் டிஸ்க் இல்லாத கொடுமை ஆரம்பித்தது. கப்பலில் பூமர் என்று ஒரு பெண் பைலட் இருக்கிறாள். இவள் மட்டும் மற்றவர்கள் அளவுக்குச் சோர்ந்து தெரியவில்லை. சரி. அடுத்த காட்சியில் ஏதோ ஒரு கிரகத்தில், கொட்டும் மழையில், ஹீலோ என்பவன் இயந்திரங்களிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான். அவனைக் காப்பாற்ற ஒருத்தி வருகிறாள். அதே பூமர். நான் நிறுத்திவிட்டேன். இது பழைய நினைவா, கனவா, எடிட்டிங் தப்பா? பக்கத்தில் கிடந்த கரண்ட் பில்லின் பின்பக்கம் ‘மழைப் பெண் = கப்பல் பெண்? இரட்டைப் பிறவியா?’ என்று எழுதி வைத்தேன். அந்தப் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்து பால்டர் என்று ஒரு விஞ்ஞானி. அவர் பக்கத்தில் வெள்ளை முடிக்காரி ஒருத்தி உட்கார்ந்து அவரைச் சீண்டிக்கொண்டே இருக்கிறாள். சுற்றியிருக்கிற யார் கண்ணுக்கும் அவள் படவில்லை. ஐந்து நாள் தூங்காத மனிதனுக்குப் பேய் தெரிகிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். எல்லாமே தப்பு. ஹீலோ ஏன் அங்கே தனியாக மாட்டிக்கொண்டான், அவன் இடத்தில் யார் ஏறி வந்தார்கள் என்பதெல்லாம் மினி சீரீஸில் இருக்கிறது. அதில் ஹீலோ தன் இருக்கையை விட்டுக்கொடுக்கும் ஒரு காட்சி உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்த மழைக் காட்சி வேறு மாதிரி வலிக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியும் என்ற வீறாப்பு வேண்டாம். பாதிப் பேர் கிசுகிசுக்கிறார்கள், மீதிப் பேர் ரேடியோவில் கத்துகிறார்கள். கெட்ட வார்த்தைக்குப் பதில் ‘ஃபிராக்’ என்று அவர்களாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதை நான் முதலில் யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்தேன். கப்பலில் இருக்கிற காகிதங்களுக்கெல்லாம் நாலு மூலையும் வெட்டியிருக்கும். டெலிபோன்கள் சுருள் ஒயர் போட்ட பழைய காலத்து ரிசீவர்கள். சைலான்கள் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துவிடுவார்கள் என்பதால் அந்தக் கப்பலில் எதையும் எதோடும் இணைப்பதில்லை, அதனால்தான் இந்தப் பழைய சாமான்கள். இதுவும் முதல் டிஸ்க்கில் இருக்கிற விஷயம்தான்.

நடுவில் ஒரு தாவலுக்குப் பிறகு கப்பல்களை எண்ணுகிறார்கள். ஒன்று குறைகிறது. ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பல். 1,345 பேர். எல்லாரும் தாவிவிட்டார்கள் என்று சரிபார்க்கவேண்டியது டூவாலா என்ற பெண்ணின் வேலை. சரிபார்த்தோமா, இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் அந்த முழியின் அருமை தெரியும். வாசல் கதவைப் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் நின்று யோசிப்போமே, அந்த முழி. இங்கே பூட்டாமல் விட்டது 1,345 உயிர். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் நேரமில்லை. அடுத்த 33 ஓடத் தொடங்கிவிட்டது. அதே எபிசோடில் அவள் ஒரு புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின் நடைபாதை ஒன்றில் வருவாள். சுவர் முழுக்கக் காணாமல் போனவர்களின் படங்கள். வசனமே கிடையாது. சுனாமிக்குப் பிறகு ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருந்த படங்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். டீ ஆறி ஆடை படர்ந்துவிட்டிருந்தது. அதைக் குடிக்கவே தோன்றவில்லை.

அடுத்த 33-ஐ எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறார்கள். முப்பத்து மூன்று ஆகிறது. யாரும் வரவில்லை. முப்பத்து நாலு. நான் நிஜமாகவே என் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சைலான்கள் வந்து அடித்தபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை. வராததுதான் வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கப்பல் இல்லாமல் போனதும் துரத்தலும் நின்றுவிட்டது என்றால், இத்தனை நாள் துரத்தல் அந்தக் கப்பல் வழியாகத்தான் வந்ததா? யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் நமக்கே அது உறைக்கிறது. உறைத்து முடிப்பதற்குள், காணாமல் போன ஒலிம்பிக் கேரியர் திரும்பி வந்து நிற்கிறது.

நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. நேராகக் கலாக்டிகாவை நோக்கி வருகிறது. உள்ளே அணுகுண்டு இருப்பது கருவியில் தெரிகிறது. சுடச்சொல்லி ஜனாதிபதி ரோஸ்லின் உத்தரவு கொடுக்கவேண்டும். நேற்றுவரை கல்வி மந்திரியாக இருந்த அம்மாள் இவர். லீ என்ற பைலட் தன் சின்ன விமானத்தை அந்தக் கப்பலின் ஜன்னல்களை ஒட்டி ஓட்டிப் போகிறான். வரிசையாக ஜன்னல்கள். உள்ளே யாரும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லமுடியுமா? அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சுடுகிறார்கள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி அறை என்னுடையது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்துதான் போகும். தினமும் பார்ப்பதுதான், அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டேன். அன்றைக்கு ஒன்று வந்தது. வரிசையாக விளக்கெரியும் ஜன்னல்கள். உள்ளே ஒருவர்கூடத் தெரியவில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பத்து நிமிடம் அங்கேயே தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மீதியைப் பார்க்க உள்ளே போனேன். கடைசியில் ரோஸ்லினின் உதவியாளர் வந்து ஒரு செய்தி சொல்கிறார், கப்பல் ஒன்றில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த அம்மாள் எழுந்துபோய், உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கும் வெள்ளைப் பலகையில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். 47,973. ஆரம்பத்தில் 50,298. இரண்டாயிரத்துக்கும் மேல் குறைந்த ஒரு கணக்கில் ஒன்று கூடுவதற்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன். தனியாக, லுங்கியோடு, ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு.

இங்கேதான் அடுத்த தவறு. இதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல இருந்தது. நைட் ஷிஃப்டில் இருந்த நண்பனுக்குப் போன் போட்டேன். “மச்சி, ராக்கெட் கதைக்கெல்லாமாடா போன் பண்ணுவ, லைன்ல கஸ்டமர் இருக்கான்” என்று வைத்துவிட்டான். சரி, நம்மைப்போல அழுதவர்கள் எங்காவது எழுதியிருப்பார்கள் என்று டேட்டா கார்டைச் செருகி, பூமர் என்று பெயரைத் தட்டினேன். பெயரை முழுதாக அடிப்பதற்குள்ளேயே தேடல் பெட்டி மீதியை முடித்துக் கொடுத்தது. முதல் வரியிலேயே அவள் யார் என்று இருந்தது. அந்த அதிர்ச்சியில் கீழே உருட்டினேன். கடைசி சீசன்வரை மர்மமாக வைத்திருந்த பெயர்கள் போட்டோவோடு வரிசையாக நின்றன. நாலு சீசனுக்கு நான் அனுபவித்திருக்கவேண்டிய திகைப்பு நாற்பது வினாடியில் முடிந்தது. பெட்டிக்குக் கொடுத்த காசைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டம். முடிக்கும்வரை எந்தக் கதாபாத்திரத்தின் பெயரையும் தேடாதீர்கள், நடிகர்களின் பெயரையும் தேடாதீர்கள். பேசியே ஆகவேண்டும் என்றால் பார்த்த ஆள் ஒருவரை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நோட்டில் எழுதுங்கள். கரண்ட் பில்லானாலும் சரி.

கெட்டது கெட்டுவிட்டது, தெரிந்த கதையை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று அடுத்ததைப் போட்டேன். இரண்டாவது எபிசோடின் முதல் காட்சியில் பூமர் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறாள், எப்படி நனைந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படி ஆரம்பித்தால் எவனால் படுக்கமுடியும்? அது முடிந்து மூன்றாவது. நாலாவதின் முடிவில் ஸ்டார்பக் என்ற பெண் பைலட் எங்கேயோ போய் விழுந்து கிடக்கிறாள், ‘தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். ஐந்தாவதைப் பார்க்காமல் படுத்தால் அவளை நானே அங்கே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. இந்த மாதிரித் தொடர்களை எபிசோடின் முடிவில் நிறுத்தவே முடியாது, முடிவைச் செதுக்குவதே அடுத்ததை நீங்கள் அழுத்தத்தான். பிற்பாடு நான் கண்டுபிடித்த வழி, அடுத்ததில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நடுவில் நிறுத்துவது. அதற்குள் முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கும், புது முடிச்சு விழுந்திருக்காது. இன்றுவரை எல்லாத் தொடருக்கும் இதைத்தான் செய்கிறேன்.

ஐந்தாவது முடிந்தபோது மணி நாலேகால். அலாரம் நாலரைக்கு. பல் தேய்த்துக் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பேன். கால் மணி நேரம் சும்மா கண்ணை மூடலாம் என்று சட்டையோடு சாய்ந்தேன். கண்ணைத் திறந்தபோது மணி ஏழு ஐம்பது. அலாரம் அடித்ததும் நானே எடுத்து அணைத்ததும் மங்கலாக ஞாபகம் இருந்தது. அக்காவிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். ரயில் அந்நேரம் காட்பாடியை நெருங்கியிருக்கும்.

முதலில் பைக் சாவியைத்தான் எடுத்தேன். நல்லவேளை, படி இறங்கும்போதே கால் தடுமாறியது. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவனின் கை கால் நிதானம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவன் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது என்று ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சட்டம் வண்டி ஓட்ட விடுவது 0.03 வரைதான். இதெல்லாம் அப்புறம் படித்தது. அன்றைக்குப் பயத்தில் பைக்கை விட்டேன், அவ்வளவுதான். கால் டாக்சி பேசினேன். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், போக மட்டும் என்றாலும் திரும்பும் காசையும் சேர்த்து 3,900, டோல் தனி. பள்ளிகொண்டா தாண்டும்போதே பதினொன்றரை. வழியெல்லாம் அம்மா மட்டும்தான் பேசினாள். “எங்க வர கண்ணு?” என்று நாலு தடவை கேட்டாள். அஞ்சாவது தடவை, “சரி, மெதுவா வா” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ‘மெதுவா’தான் தாங்கமுடியவில்லை.

நான் போய் இறங்கியபோது பந்தியே ஆரம்பித்திருந்தது. முகூர்த்தம் தவறக்கூடாது என்று பெரியப்பா மகன் அண்ணன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்தியிருந்தார்கள். தோடு என் பையில் அல்லவா இருந்தது? காது குத்த வந்த பத்தர் தன் பெட்டியிலிருந்த வெறும் தங்கத் தோடு ஒரு ஜோடியை எடுத்துப் போட்டிருந்தார், மாமா அங்கேயே காசு கொடுத்திருந்தார். நான் சிவப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, காணாமல் போய் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த ஒலிம்பிக் கேரியர் நான்தான். “என்னடா ஆச்சு?” என்றாள் அக்கா. “தூங்கிட்டேன்க்கா” என்றேன். அது பொய்யும் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இலை போடச் சொன்னாள். ஐந்தாறு மாதம் போனில் எண்ணி எண்ணித்தான் பேசினாள். குழந்தை மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் என் மடியில் ஏறி, சிவந்த காதோடு தூங்கிப்போனது. எனக்கு அப்போதும் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் மினி சீரீஸைத் தனி டிஸ்க்காக 900 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தத் தடவை திருப்பிப் பார்த்தேன். ரீஜன் 2 என்று போட்டிருந்தது, தெரிந்தேதான் வாங்கினேன். லேப்டாப்பில் அதற்கு ஒரு மாற்றல், மறுபடி சீசன் பெட்டிக்கு ஒரு மாற்றல் என்று கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. எல்லாம் பார்த்து முடித்தவன் என்ற முறையில் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மினி சீரீஸ், பிறகு ‘33’. நடுவில் 2007-இல் வந்த ‘ரேசர்’ என்ற படத்தின் கதை இரண்டாவது சீசன் காலத்தில் நடப்பதுதான். ஆனால் அதைக் காலவரிசைப்படி அங்கே கொண்டுபோய்ச் செருகச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், மூன்றாவது சீசனை முடித்துவிட்டுப் பாருங்கள். ‘தி பிளான்’ என்ற இன்னொரு படத்தை, தொடர் முழுக்க முடிந்த பிறகு பார்க்கலாம், அதுவும் பொழுது போகவில்லை என்றால். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ‘33’-ஐ மறுபடி போட்டேன். மழைக் காட்சி புரிந்தது. வெள்ளை முடிக்காரி புரிந்தாள். ஜன்னல்கள் வந்தபோது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. திரும்ப ஓட்டினால் இல்லாத மாதிரியும் இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் என்னால் சொல்லமுடியவில்லை.

அந்தக் குழந்தை இப்போது எட்டாவது முடிக்கப்போகிறாள். சிவப்புக்கல் தோட்டைத்தான் பள்ளிக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போகிறாள். போன லீவில் பழைய ஆல்பத்தைப் புரட்டியவள், “ஏன் மாமா, என் காதுகுத்து போட்டோல நீ மட்டும் ஓரமா டப்பாவ புடிச்சிட்டு நிக்கிற?” என்று கேட்டாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த சீரியலை எனக்கும் காட்டு என்கிறாள். இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்கிறாள் அக்கா. போகட்டும், லேப்டாப்பில் இன்னும் இரண்டு மாற்றல் பாக்கி இருக்கிறது. மினி சீரீஸிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். மத்தியானம், சாப்பிட்ட பிறகு.